அசையும் பலகை: சிறுவர் கால்பந்தில் படத்தை எங்கே நிறுத்துவது

பயிற்சியாளர்களுக்கென்று வந்திருக்கும் செயலிகளில் ஒரு பச்சைத் திடலை விரித்து, வண்ணப் புள்ளிகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை வரைந்து, பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டு அணிகளும் பந்தும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். வரைந்தவர் அதைப் பார்த்துத் திருப்திப்படுவார். எந்தப் புள்ளி எதற்காக நகர்கிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். அவர் கண் சரியான இடத்துக்குத் தானாகப் போய்விடும். அதே திரையைப் பார்க்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அது பந்தைப் பார்க்கும், பந்தை மட்டும். படம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். திடலில் இறங்கியதும் ஏழு பேரும் பந்தை நோக்கி ஓடுவார்கள். கருவி மீதும் குற்றமில்லை, பிள்ளைகள் மீதும் குற்றமில்லை. படத்தை ஓடவிடுவதில் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதில்தான் பயிற்சியாளரின் வேலை இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வயதும் அனுபவமும் குறையக் குறையப் படம் குறுகவேண்டும், வேகம் தணியவேண்டும், அடிக்கடி நிற்கவேண்டும். நிற்கிற இடத்தில் ஒரு கேள்வி தயாராக இருக்கவேண்டும்.

அசையும் படம் அசையாத படத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் என்று நாம் யோசிக்காமலே நம்பிவிடுகிறோம். கல்வி உளவியலாளர்கள் அதை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை. பார்பரா ட்வெர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை, அதுவரை நடந்த ஒப்பீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. அனிமேஷன் வென்றதாகச் சொல்லப்பட்ட இடங்கள் பலவற்றில் அசையும் படத்துக்குள் கூடுதல் தகவல் இருந்தது, அசையாத படத்தில் அது இல்லை; வெற்றியை அசைவின் கணக்கில் எழுத முடியாது என்று அது வாதிட்டது. சிக்கலான அசைவு வேகமாகக் கடந்துபோனால் பார்ப்பவரால் அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை என்றும் சொன்னது. 2007இல் ஜெர்மனியின் ஹோஃப்லரும் லொய்ட்னரும் 26 ஆய்வுகளிலிருந்து 76 ஒப்பீடுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சராசரியில் அனிமேஷனுக்கு மிதமான மேன்மை தெரிந்தது. உடலால் ஒரு செயலைச் செய்யும் முறையைக் கற்ற இடங்களில் மட்டும் அந்த மேன்மை மிகப் பெரிதாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பயிற்சியாளருக்கு ஒரு வேறுபாடு புலப்படும். உள்பாதத்தால் பந்தைத் தட்டி நிறுத்துவது எப்படி என்பதை வீடியோவாகக் காட்டினால் ஆதாயத்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. யார் எங்கே எப்போது நகர்வது என்பதைப் புள்ளிகளாக ஓடவிடும்போது அந்த ஆதாயம் தானாக வந்துவிடாது. எப்படிக் காட்டுகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கும். இந்த அத்தியாயம் இரண்டாவது வகையைப் பற்றியது.

காரணம் நினைவின் அளவில் இருக்கிறது. ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திக் கையாளக்கூடிய பொருட்கள் பெரியவர்களுக்கே ஏறத்தாழ நான்குதான் என்று நெல்சன் கவன் 2001இல் மதிப்பிட்டார். சிறுவர்களுக்கு அதைவிடக் குறைவு. எழுவர் ஆட்டத்தில் புள்ளிகள் பதினான்கு, பந்தோடு பதினைந்து. தாளில் வரைந்த படமென்றால் பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். அசையும் படத்தில் ஒரு நொடி முன்பு இருந்தது இப்போது இல்லை. அதை நினைவில் பிடித்துக்கொண்டே புதிதாக வருவதையும் கவனிக்கவேண்டும். கால்பந்துக் காட்சிகளை வைத்தே இதைச் சோதித்தவர் ஐமன் கஷாரெம் என்ற ஆய்வாளர். அவரும் அவருடைய குழுவினரும் 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரே விதமான முடிவு மீண்டும் மீண்டும் வந்தது. காட்சியைத் துண்டுதுண்டாக நிறுத்திக் காட்டுவது, வேகத்தைக் குறைப்பது, ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராகத் திரையில் கொண்டுவருவது ஆகிய மூன்றும் ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு உதவின. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அந்த உதவி பயன்படவில்லை. சில நிலைமைகளில் முழு வேகமே அவர்களுக்குப் பொருந்தியது. பல புள்ளிகளைச் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்கப் பழகியவருக்குப் படத்தை வெட்டுவது இடையூறு. இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும்: அவை அளந்தது, பார்த்த காட்சியை நினைவிலிருந்து மீண்டும் அமைத்துக் காட்டும் திறனை. திடலில் ஆடுவது அதிலிருந்து இன்னும் ஒரு படி தள்ளியிருக்கிறது. அந்த இடைவெளியைப் பின்னால் பார்ப்போம்.

அப்படியானால் காந்தப் பலகையும் சாக்பீஸும் போதாதா? பல பாடங்களுக்குப் போதும். மூவர் முக்கோணமாக நிற்பது, கார்னர் கிக்கின்போது யார் எங்கே நிற்பது போன்றவற்றுக்கு அனிமேஷன் செய்வது நேர விரயம். அசைவு தேவைப்படுவது, பாடத்தின் உள்ளடக்கமே நேரமாக இருக்கும்போது. ஆஃப்சைடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்வரிசை ஆட்டக்காரர் பந்தைப் பெறும்போது எங்கே நிற்கிறார் என்பதை விதி கேட்பதில்லை. சக ஆட்டக்காரரின் கால் பந்தில் படும்போது எங்கே நின்றார் என்பதைக் கேட்கிறது. தாளில் இதைக் காட்ட இரண்டு படம் வரைந்து நடுவில் நீளமாக விளக்கவேண்டும். திரையில் கால் பந்தில் படும் கணத்தில் படத்தை உறையவைத்து, கடைசித் தடுப்பாளருக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் விளக்கம் முடிந்தது. அங்கேயும் கற்பித்தது நிறுத்தம்தான். ஓட்டம் செய்ததெல்லாம், அந்த நிறுத்தத்துக்கு ஒரு முன்னும் ஒரு பின்னும் கொடுத்தது.

ஒரு பாடத்தை எடுத்து முழுவதுமாக அமைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிரிவினர் ஆடும் எழுவர் ஆட்டத்தில் பெனால்டி பகுதியின் விளிம்புக்கும் மையக் கோட்டுக்கும் சரிபாதியில் ஒரு குறுக்குக் கோடு போடுகிறார்கள். பந்து கோல்கீப்பரின் கையில் இருக்கும்போதும் கோல் கிக்கின்போதும் எதிரணியினர் அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கி நிற்கவேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைக்கவும் தடை உண்டு. பந்தை வெறுமனே தூர எறிந்துவிடாமல், பின்னாலிருந்து பாஸ் செய்து ஆட்டத்தைக் கட்டியெழுப்பப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு தரவேண்டும் என்பதே நோக்கம். விதி அந்த வாய்ப்பைத் தந்தாலும், பிள்ளைகள் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் கோல்கீப்பருக்கு முன்னால் கூட்டமாக நிற்பதுதான் வழக்கம். இந்தக் கோல் கிக்கையே நம் பாடமாக வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன எச்சரிக்கை: கோல் கிக்கில் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டினால்தான் ஆட்டம் தொடங்கும் என்ற பழைய விதி 2019இல் மாறிவிட்டது. இப்போது பந்தை உதைத்து அது தெளிவாக நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும். சொந்த அணியினர் பெனால்டி பகுதிக்குள்ளேயே பந்தைப் பெறலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய அனிமேஷன்கள் தடுப்பாளர்களைப் பகுதிக்கு வெளியே நிறுத்தியிருந்தால் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

முதல் படத்தில் பதினான்கு பேரும் வேண்டாம். கோல்கீப்பர், இரண்டு தடுப்பாளர்கள், எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் என்று நான்கு புள்ளிகளும் பந்தும் போதும். தொடங்குவதற்கு முன்பே முதல் நிறுத்தம்: பந்து கோல்கீப்பரின் காலடியில் அசையாமல் இருக்கிறது, தடுப்பாளர்கள் இருவரும் நடுவில் நெருங்கி நிற்கிறார்கள். "நமக்கு இடம் எங்க நிறைய இருக்கு?" என்று கேட்கவேண்டும். பிள்ளைகள் இரண்டு ஓரங்களையும் விரலால் காட்டுவார்கள். காட்டிய பிறகு தடுப்பாளர்கள் ஓரத்துக்கு விலகும் துண்டு மட்டும், இரண்டு மூன்று நொடி, பாதி வேகத்தில் ஓடட்டும். அடுத்து பாஸ். பந்து வலப்பக்கத் தடுப்பாளரை நோக்கிப் பாதி வழி போனதும் மீண்டும் நிறுத்தவேண்டும். எதிரணிக்காரர் கோட்டைத் தாண்டி இரண்டு அடி எடுத்துவைத்திருக்கிறார். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு நிறுத்தத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். "பந்து போய்ச் சேரும்போது இவன் எங்க வந்திருப்பான்?" என்பது கேள்வி. விடையைச் சொல்லாமல் ஒவ்வொருவரும் திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டவேண்டும். முதலில் கணித்துவிட்டுப் பிறகு பார்ப்பவர், சும்மா பார்ப்பவரைவிடக் கூர்ந்து பார்க்கிறார். தன் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவருக்கு இருக்கிறது. கால்பந்தில் பாஸ் வரும் வழியில் இருக்கும்போதே எதிராளியைக் கணக்கிடுவதுதான் நல்ல தடுப்பாளரையும் பதறும் தடுப்பாளரையும் பிரிக்கிறது. அந்தக் கணத்தை நேர்ப் பேச்சால் விளக்குவது மிகக் கடினம். நிறுத்திய படம் அதைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது நிறுத்தம் தடுப்பாளரின் காலில் பந்து சேர்ந்த இடம். படம் இங்கேயே முடிந்துவிடவேண்டும். கோல்கீப்பருக்கே திருப்பி அனுப்புவதா, ஓரமாகப் பந்தோடு ஓடுவதா, நடுவே புதிதாக இறங்கி வரும் மிட்ஃபீல்டருக்குக் கொடுப்பதா என்பதைத் திரை சொல்லக்கூடாது. மூன்றுக்கும் தனித்தனித் துண்டுகளைத் தயார்செய்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எதைத் தேர்ந்தார்களோ அதை மட்டும் ஓட்டிக்காட்டலாம். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடியவேண்டும். விளக்க எழுத்து எதுவும் திரையில் ஓடவேண்டாம், பயிற்சியாளர் பேசுவதே போதும். கண் ஏற்கெனவே புள்ளிகளைத் துரத்திக்கொண்டிருக்கிறது, அதே கண்ணை வாசிக்கவும் சொல்லக்கூடாது. கைதட்டல் ஒலி, பறக்கும் அம்பு, சுழலும் கேமரா போன்றவற்றைச் செயலி ஆசைகாட்டும், எல்லாவற்றையும் அணைத்துவிடவேண்டும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிர் அணிகளுக்குக் கொடுக்கவேண்டாம். ஆண்பிள்ளைகளில் சிலருக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுபோலத் தெரியும், பெரும்பாலும் அவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். நீலமும் மஞ்சளும் பாதுகாப்பானவை.

மேலிருந்து பார்க்கும் படத்தில் ஒரு சிக்கல் உண்டு, பயிற்சியாளர்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். திடலில் எந்தப் பிள்ளையும் பறவையாக நிற்பதில்லை. தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் பார்க்கிறது. மேலிருந்து கண்ட காட்சியைத் தரைமட்டத்துக்கு மாற்றிப் பார்க்கும் வேலையை அதன் மூளை செய்யவேண்டும். இன்னோர் இடத்திலிருந்து பார்த்தால் காட்சி எப்படி இருக்கும் என்று ஊகிக்கும் திறன் சிறுவயதில் மெல்லத்தான் முதிர்கிறது என்பதை பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் தங்கள் மூன்று மலைச் சோதனையால் காட்டினார்கள். அவர்கள் குறித்த வயதைப் பின்வந்தவர்கள் கீழே இறக்கினார்கள், சோதனையை எளிதாக்கினால் சிறுபிள்ளைகளும் தேறுவதைக் கண்டார்கள். ஆனாலும் அது உழைப்பைக் கேட்கும் வேலை என்பதில் மாற்றமில்லை. பயிற்சி பெற்ற பெரியவர்களுக்குக்கூட இடம் மாறினால் காட்சி ஏமாற்றுகிறது. துணை நடுவர்களின் ஆஃப்சைடு பிழைகளில் கணிசமானவை, அவர்கள் கடைசித் தடுப்பாளருக்கு நேர் கோட்டில் நிற்காமல் சற்று விலகி நின்றதால் கோணம் செய்த வேலை என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆகவே திரையைக் கையில் பிடிக்கும்போதே திசையைச் சரிசெய்யவேண்டும். திரையில் மேல்நோக்கி இருக்கும் கோலும் பிள்ளைகள் பார்த்து நிற்கும் கோலும் ஒரே திசையில் இருக்கட்டும். படம் பார்த்த அதே இடத்தில், அதே நிமிடத்தில், நால்வரை நிறுத்தி நடந்து காட்டச் சொல்லவேண்டும். ஓடவேண்டாம், நடந்தால் போதும். வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறுநாள் திடலில் விளைவை எதிர்பார்ப்பது இந்தப் படியைத் தாண்டிவிடுகிறது.

இந்த முறைக்கு வலுவான மறுப்பு, பயிற்சியாளர்களிடையே இன்று செல்வாக்குப் பெற்றிருக்கும் ஒரு சிந்தனைப் பள்ளியிலிருந்து வருகிறது. கீத் டேவிட்ஸ் போன்றோர் வளர்த்த பார்வை அது. ஆட்டக்காரரின் முடிவு தலைக்குள் தனியாக எடுக்கப்பட்டுக் காலுக்கு அனுப்பப்படுவதில்லை. பார்ப்பதும் செய்வதும் பின்னிப் பிணைந்தவை. ஆகவே திடலின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் விதிகளையும் மாற்றி ஆடவிட்டால் பிள்ளை தானே விடையைக் கண்டுபிடிக்கும், திரையில் பார்த்துப் பழகுவது திரைக்குத்தான் உதவும் என்பது அவர்கள் வாதம். இதில் பெரும்பகுதி சரி. நார்வேயின் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் பழக்கத்தையே எடுத்துக்கொள்வோம்: சிறந்த மிட்ஃபீல்டர்கள் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த அனிமேஷனாலும் இதைப் பழக்க முடியாது, ஏனென்றால் திரைக்கு முன்னால் இருப்பவருக்குத் தோளுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. இந்த எல்லையை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் ஆடவிட்டால் மட்டும் போதும் என்பதும் எல்லா நேரமும் நடப்பதில்லை. நடுவில் கூட்டமாக நிற்கும் தடுப்பாளர்கள் வாரக்கணக்கில் அப்படியே நின்று பந்தை இழந்துகொண்டிருக்கலாம். எதைக் கவனிக்கவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அனிமேஷனுக்கு நான் ஒதுக்கும் வேலை மிகக் குறுகியது: கவனிக்கவேண்டிய ஒன்றைச் சுட்டிக்காட்டி, அதற்கு அணிக்குள் ஒரு பொதுப் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது. "பாதி வழி" என்று பயிற்சியாளர் வெளியிலிருந்து குரல் கொடுத்தால் பிள்ளைகள் நிமிர்ந்து எதிராளியைப் பார்க்கவேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சியில் இரண்டு நிமிடம் அதற்குத் தரலாம். பத்து நிமிடம் தந்தால் மேற்சொன்ன மறுப்பு முழு வெற்றி பெற்றுவிடும், அதுவே நியாயமும்கூட.

இன்னொரு மறுப்பு, பாதையை வரைந்து காட்டினால் பிள்ளைகள் இயந்திரங்களாகிவிடுவார்கள் என்பது. எதிராளி எங்கே இருந்தாலும் வலப்பக்கத் தடுப்பாளருக்கே பந்து போகும். படத்தில் அப்படித்தானே இருந்தது. இந்த ஆபத்து கற்பனையில்லை. செயலிகள் எதிரணியை வரையும் விதமே இதை வளர்க்கிறது: எதிரணிப் புள்ளிகள் பெரும்பாலும் அசையாத கம்பங்களாக நிற்கின்றன, நம் அணி அவற்றைச் சுற்றி அழகாகப் பின்னுகிறது. அதற்கு மருந்து எதிராளியை நேர்மையாக வரைவது. நம் கோல் கிக் பாடத்தின் இரண்டாவது படத்தில் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எதிரணிக்காரரின் ஓட்டம் மட்டும் மாறட்டும்: இம்முறை அவர் நேராகத் தடுப்பாளரை நோக்கி வராமல், வளைந்து வந்து கோல்கீப்பருக்குத் திரும்பும் பாஸை அடைக்கிறார். அதே நிறுத்தம், அதே கேள்வி, வேறு விடை. முதல் படத்தில் பாதுகாப்பாக இருந்த தேர்வு இங்கே கோலாகிவிடும் என்று கண்டுபிடிக்கும் பிள்ளை பாதையை மனப்பாடம் செய்யவில்லை, எதிராளியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரே படத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் இயந்திரங்களை உருவாக்கும்.

வீடியோ கேமில் ஊறிய தலைமுறைக்கு இவ்வளவு மெதுவாகக் காட்டினால் சலிக்காதா என்ற கேள்வியும் வரும். விளையாட்டில் விரல் வேகமாக இருப்பது உண்மை. அங்கே பிள்ளை ஒரு நேரத்தில் ஓர் ஆளை மட்டும் ஓட்டுகிறது, மற்றவர்களைக் கணினி நகர்த்திவிடுகிறது. நாம் கற்பிக்க விரும்புவது அந்த மற்றவர்களின் வேலை. செலவைப் பற்றிய கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. கட்டணச் செயலி இல்லாவிட்டால் பவர்பாயிண்டிலேயே புள்ளிகளுக்குப் பாதை கொடுக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் காந்தப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஃபோனில் படமெடுத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டலாம். நம் வாதத்தின்படி இதுவே பல செயலிகளைவிட மேல், ஒவ்வொரு படத்திலும் அது தானாகவே நிற்கிறது. மாலை வெயிலில் ஃபோன் திரை கண்ணுக்குத் தெரியாது என்பதால் நிழல் இருக்கும் இடத்தை முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே ஃபோனைச் சுற்றி முண்டியடிக்கவும் விடக்கூடாது, நான்கு பேராகக் கூப்பிட்டுக் காட்டலாம்.

நான்கைந்து வாரம் பழகிய பிறகு வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். போன ஆட்டத்தில் நடந்த ஒரு கோல் கிக்கைப் பலகையில் வைத்து மூன்று படமாக எடுத்துவரச் சொன்னால், அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதைவிட எதைப் பார்க்கவில்லை என்பது துல்லியமாக வெளிவரும். தூரப் பக்கத்துத் தடுப்பாளரின் காந்தம் பெரும்பாலும் பலகையிலேயே இருக்காது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்துவிட்ட, பல ஆண்டு ஆடிய அணிக்கு மேற்சொன்ன அளவுகள் பொருந்தா. அவர்களுக்கு முழு அணியையும் முழு வேகத்தில் காட்டி, கேட்டால் மட்டும் நிறுத்தினால் போதும். ஒரே வயதுக் குழுவில் புதியவர்களும் பழையவர்களும் கலந்திருந்தால் புதியவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு நிமிடம் முன்னதாகக் காட்டிவிடலாம்.

பயன் இருந்ததா என்று பார்க்க, வார இறுதி ஆட்டத்தில் ஒரு தாளும் பென்சிலும் போதும். கோல் கிக் ஒவ்வொன்றிலும் உதைக்கும் முன்பே தடுப்பாளர்கள் ஓரத்துக்கு விலகியிருந்தார்களா என்பதற்கு ஒரு கோடு, பந்து வரும் வழியில் தடுப்பாளர் தலை நிமிர்ந்து எதிராளியைப் பார்த்தாரா என்பதற்கு இன்னொரு கோடு. பாஸ் வெற்றி பெற்றதா என்பதை இந்தத் தாளில் எழுதவேண்டாம், அது வேறு கணக்கு. முதல் கோடுகள் குறைவாக இருந்தால் அடுத்த வாரம் இன்னும் குறைந்த புள்ளிகளோடு அதே படத்துக்குத் திரும்பவேண்டும். அவை நிறைய இருந்தும் பந்து பறிபோய்க்கொண்டிருந்தால், பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, கால்தான் இன்னும் ஒத்துழைக்கவில்லை. அதற்குத் திரையில் மருந்து கிடையாது. ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்கவைத்து, உருண்டு வரும் பந்தை ஒரே தொடுதலில் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்தும் பயிற்சியை அன்று முழுக்கக் கொடுக்கவேண்டும்.